பற்றாக்குறை ஆண்டின் கணக்கு

காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் கூட்டங்களுக்குத் தமிழகத் தரப்புப் புள்ளிவிவரங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் அது சுலபம். 2022-இல் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது மாதவாரி அட்டவணை யாருக்கும் தேவைப்படவில்லை.

2023 அப்படியில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சாதாரண ஆண்டில் கர்நாடகத்திலிருந்து, எல்லையில் நீர் அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) வர வேண்டும். ஆகஸ்டுக்கு மட்டும் 45.95. அந்த ஆகஸ்ட் கடைசியில் வந்த உத்தரவோ விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாளுக்கு. பெருக்கிப் பார்த்தால் ஆறரை டிஎம்சிக்குள் அடங்கிவிடும்.

பிலிகுண்டுலுவில் எவ்வளவு வந்தது என்பதில் பெரிய சண்டை வராது. அங்கே அளப்பது மத்திய நீர் ஆணையம். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய கர்நாடக அணைகள் நான்குக்கும் வரத்து எவ்வளவு குறைந்தது, எந்தத் தேதிவரை கணக்கிடுவது என்று பேச்சு திரும்பியதும்தான் சூடு ஏறும். பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றத்தின் 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. எப்படி என்பதுதான் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. எதிரே இருந்த கர்நாடகத் தரப்பினரும் பொய் சொல்லவில்லை. பெங்களூருவின் குடிநீரும் மண்டியா விவசாயியும் அவர்கள் தோளில் இருந்தார்கள்.

விகிதம் நியாயமானதுதான், ஆனால் அதற்குப் பயிர் தெரியாது. குறுவை கதிர்விடும் நேரத்தில் வராத தண்ணீரை நவம்பரில் சேர்த்துக் கொடுத்து என்ன பயன்? வடகிழக்குப் பருவமழையில் அப்போது வயலிலிருந்து தண்ணீரை வடியவிட வேண்டிய நிலைகூட வரும். அட்டவணையில் ‘நிலுவை’ என்று நான் எழுதிய எண் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கடனைப் போல அதைப் பிறகு வசூலித்துக்கொள்ள முடியாது.

அதனால் சொல்கிறேன்: பற்றாக்குறைச் சூத்திரத்தை அணைகள் நிரம்பியிருக்கும் ஆண்டில்தான் பேசி முடிக்க வேண்டும். அப்போது எந்த முதல்வருக்கும் தெருவில் போராட்டம் இல்லை, பொறியாளர்கள் மனம்விட்டுப் பேசலாம். நான்கு அணைகளின் வரத்தையும் பிலிகுண்டுலு போலவே பொது அமைப்பு ஒன்று அளக்கட்டும். அப்புறம் அந்த மேஜையில் டிஎம்சி அட்டவணைக்குப் பக்கத்திலேயே இரு மாநிலங்களின் நடவு, அறுவடைத் தேதிகளும் இருக்கட்டும்.