தோவாளையில் தொடங்கித் திருவட்டாறில் முடியும் ஒரு நாள்

மெல்போர்னிலோ டொராண்டோவிலோ பிறந்து வளரும் பிள்ளைக்கு நாகர்கோவில்தான் வெளிநாடு. விடுமுறைக்கு வருகிற மூன்று வாரமும் சொந்தக்காரர் வீடு, கல்யாண மண்டபம், துணிக்கடை என்று போய்விடும். கடைசியில் கன்னியாகுமரி முனையில் ஒரு சூரிய உதயம் பார்த்துவிட்டு விமானம் ஏறுவார்கள். அந்த ஒரு நாளைக் கடலை விட்டு உள்ளே திருப்பினால் பறவை, பாம்பு, கோயில், பூக்கிராமம் எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்துவிடலாம். ஆனால் வரிசை தப்பக்கூடாது. தப்பினால் நாள் பாதியில் நின்றுவிடும்.

காரணம் கோயில் நடை. இங்கே உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தினால் மாலை ஐந்து மணி வாக்கில்தான் திறப்பார்கள். பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டு மெதுவாகக் கிளம்புகிறவர்கள் வாசலில் கேட்பது “நடை சாத்தியாச்சே மக்ளே” என்பதைத்தான். எனவே காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பவேண்டும். முந்தின இரவே ஓட்டுநர் அண்ணனிடம் நேரத்தையும் ஊர்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் தோவாளை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு முன்னால் இருக்கிறது பூச்சந்தை. பிச்சியும் மல்லியும் சுற்று வட்டாரத்திலிருந்து வரும். வெளிமாவட்டங்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் பூ இறங்கும். அதில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போவதால் ஓணத்துக்கு முந்தைய நாட்களில் விலை எகிறிவிடும். அங்கே மாணிக்கமாலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துத் தட்டையாகக் கட்டுவது. பூ என்று தெரியாது, கல் பதித்ததுபோல இருக்கும். 2025-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டுகிறவர் விரல்களைப் பத்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எட்டு மணி தாண்டினால் சந்தையின் உயிர் போய்விடும்.

ஏழு மணிக்குத் தேரூர் குளக்கரையில் இருக்கவேண்டும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கிழக்குக் கரையில் மேற்கு பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாக்குலர் போதும். அதைவிடப் பெரிதாக்கினால் பிள்ளைகளின் கையில் படம் ஆடும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, நத்தைகுத்தி நாரை எல்லாம் ஆண்டு முழுதும் தென்படும். வலசை வரும் பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரைதான் பருவம். ஐரோப்பா, கனடாப் பள்ளி விடுமுறையில் ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இராது. டிசம்பரில் வரும் ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் யோகம். மணக்குடிக் கழிமுகம், புத்தளம் உப்பளம் பக்கமும் அப்போது போய்வரலாம்.

ஒன்பது மணிக்குச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும். பிள்ளைகள் ‘ஏன்’ என்று கேட்பார்கள், சிலர் கூச்சத்தில் அழவும் செய்வார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி என்று கேரளப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கத்துக் கோயில் வழக்கம் இங்கே தொடர்கிறது என்று வீட்டிலேயே சொல்லிவையுங்கள். ஜீன்ஸை விட்டுவிட்டு ஒட்டு வேட்டி எடுத்து வந்தால் எங்கும் சிக்கல் இல்லை. பதினெட்டு அடி அனுமாரைத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் கொன்றையடிக்கும் கூட்டிப் போங்கள். இந்தக் கோயில் ஒரு மரத்தடியில் தொடங்கியது என்று நம்புகிற இடம் அது. மார்கழித் தேரோட்டத்தன்று மட்டும் சிறு குழந்தைகளோடு வரவேண்டாம், நெரிசல் தாங்காது.

பதினோரு மணிக்குள் நாகர்கோவில் நாகராஜா கோயில். கருவறைக்கு மேலே ஓலைக்கூரை. ஊரெல்லாம் கான்கிரீட் வந்தபிறகும் இது மாறவில்லை, ஆண்டுதோறும் ஆடியில் புதிதாக வேய்கிறார்கள். தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். சமணமும் நாக வழிபாடும் ஒரே கல்லில் ஒட்டிக்கிடப்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. ஆவணி ஞாயிறு என்றால் வரிசை நீளும்.

மத்தியானம் சோறு, தீயல், அவியல். பிறகு மட்டிப்பழம், சின்ன விரல் அளவுதான் இருக்கும். தேங்காய் அரைத்த குழம்பு வயிற்றுக்குக் கனமென்றால் பிள்ளைகளுக்கு ரசமும் அப்பளமும் போதும். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு லிட்டர்.

இரண்டு மணிக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள்கிழமை விடுமுறை, பலருடைய திட்டம் உடைவது இங்கேதான். மண் தமிழ்நாடு, அரண்மனையைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. வெளிநாட்டவருக்கும் கேமராவுக்கும் தனிக் கட்டணம். செருப்பை வெளியே விடவேண்டும். அது நல்லதுதான், சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லும் கறுப்புத் தரையின் குளிர்ச்சி வெறுங்காலில்தான் தெரியும். ஏசி இல்லாமல் வீடு எப்படிக் குளிரும் என்று அந்த மரச்சாளரங்களின் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நேரம் இருந்தால் மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம், 28 தூண்கள், மேலே பாசனத் தண்ணீர் ஓடும் தொட்டி, ஓரத்தில் நடைபாதை. உயரம் பயப்படும் பிள்ளையை மேலே இழுக்காமல் கீழே பறளியாற்றங்கரையில் நிறுத்திப் பார்க்க வையுங்கள். ஒன்றை விட்டாகவேண்டும் என்றால் இதை விடலாம், திருவட்டாறை விடக்கூடாது.

மாலை நடை திறந்ததும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். இருபத்திரண்டு அடி நீளச் சயனம். ஒரே பார்வையில் அடங்காது, மூன்று வாசல் வழியாகப் பார்க்கவேண்டும். கல்லில் செதுக்காமல், கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையில் செய்த திருமேனி என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. வெளிச்சம் எண்ணெய் விளக்கின் அளவுதான். வெயிலிலிருந்து நேரே உள்ளே வந்தால் ஒன்றும் தெரியாது. பிரகாரத் தூண்களைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் சுற்றிவிட்டுப் பிறகு வாசலுக்கு வாருங்கள், கண் பழகியிருக்கும். 2022 ஜூலை 6 அன்று இங்கே நடந்த குடமுழுக்கு 418 ஆண்டுக்குப் பிறகு நடந்தது.

இன்னொன்று. நாகராஜா கோயிலில் பிரசாதமாகத் தருவது கருவறை ஈரமண். அதைப் பெட்டியில் வைத்து ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், சொல்லாமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை ஆச்சி வீட்டுத் துளசி மூட்டில் போட்டுவிட்டு வாருங்கள்.