கீழேயிருந்து வரும் கடல்

இறங்கப்போகிறோம் என்று அறிவித்த பிறகும் ஜன்னலில் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஃபிஜித் தலைநகர் சுவாவை ஒட்டிய நௌசோரியிலிருந்து இரண்டரை மணி நேரமாக இதே நீலம். திடீரென்று கருநீலத்துக்கு நடுவில் வெளிர்பச்சையாக ஒரு பெரிய வட்டம். அதன் ஓரத்தில், சாப்பிட்டு முடித்த தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடியாப்ப இழை மாதிரி, கொஞ்சம் நிலம். சக்கரம் தரையைத் தொட்டபோது இடப்பக்க ஜன்னலிலும் கடல், வலப்பக்க ஜன்னலிலும் கடல்.

ஃபுனாஃபுட்டி. பசிபிக்கில் இருக்கும் துவாலு நாட்டின் தலைநகரம். 2019 பிப்ரவரியில், சுவாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மாசிப் பௌர்ணமியைக் கணக்குப் பண்ணி ஒரு வாரம் போனேன். வருஷத்தில் பெரிய அலையேற்றம் வருவது அந்த மாதங்களில்தான்; அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பணம் எடுக்கும் மெஷின் கிடையாது, கார்டு செல்லாது, ஆஸ்திரேலிய டாலரை நோட்டாகக் கொண்டுபோ என்று ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள். கொண்டுபோனேன், கொஞ்சம் குறைவாக. கடைசி இரண்டு நாள் நூடுல்ஸ்தான்.

ஊர் மொத்தமும் விமான ஓடுதளத்தைச் சுற்றித்தான். 1943-இல் ஜப்பானியரை எதிர்த்துச் சண்டை போட வந்த அமெரிக்கர்கள் போட்டது. வாரத்துக்குச் சில விமானங்களே வருவதால் மற்ற நேரமெல்லாம் அது மைதானம். வெயில் தாழ்ந்ததும் வாலிபால் வலை ஏறும், குழந்தைகள் சைக்கிள் பழகும், நாய்கள் நடுவில் படுத்துக்கிடக்கும். விமானம் வருகிறதென்றால் சங்கு ஊதும். எல்லாரும் ஓரத்துக்குப் போவார்கள், நாய்கள் உட்பட. புழுக்கமான இரவுகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து ஓடுதளத்திலேயே படுக்கிறார்கள். நானும் ஒரு ராத்திரி படுத்தேன். தார் சூடு விடியற்காலை வரை முதுகில் தெரிந்தது, ஆனால் காற்று அபாரம்.

பெரிய துண்டுக்கு ஃபோங்காஃபாலே என்று பெயர். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அகலம், ஊர் இருக்கும் இடத்தில் 400 மீட்டர். சில இடங்களில் ரோடு போட்டதும் தீவு முடிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் பசிபிக் கல்லில் மோதி இரைகிறது, அந்தப் பக்கம் காயல் ஊருணி மாதிரி சும்மா கிடக்கிறது. பைக்கை நிறுத்திவிட்டு இரண்டு எட்டு வைத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். வளையத்தில் இருக்கும் முப்பதுக்கு மேற்பட்ட திட்டுகளையும் சேர்த்தால் நிலம் 2.4 சதுர கிலோமீட்டர். அவை வளைத்துப் பிடித்திருக்கும் காயலோ 275. இதில் ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள். வடக்குக் கோடியில் குப்பைமேடு. அழகான படம் எடுக்க வந்தவர்கள் அதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள்போல. எனக்கென்னவோ அதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கப்பலில் வந்த எந்தப் பொருளும் இங்கிருந்து திரும்பிப் போவதில்லை. டின்னும் டயரும் ஃபிரிட்ஜும் அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

கரையெல்லாம் மணல். அது நமக்குத் தெரிந்த மணல் இல்லை. இங்கே மலை இல்லை, ஆறு இல்லை, பாறை தேய்ந்து மணலாக வழியே கிடையாது. கேமரா லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகையை வைத்துப் பார்த்தேன். குட்டிக் குட்டி நட்சத்திரங்கள், முனை மழுங்கியவை. நடுவே பொத்தான் போலச் சில, பவளத் துண்டு, சிப்பி நொறுங்கல். நட்சத்திரமும் பொத்தானும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடு. பவளப் பாரின் மேல் வாழ்ந்து செத்து, அலையில் உருண்டு கரை சேர்ந்து, இந்த நாட்டுக்கு நிலமாகிவிட்டன. நான் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தது யாருடைய எலும்பின் மேலோ என்று ஒரு கணம் கால் கூசியது.

சரி, இந்த வளையத்துக்கு அடியில் என்ன? டார்வின் 1842-லேயே ஒரு பதில் சொல்லியிருந்தார்: எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது, எரிமலை மெல்ல அமிழ்கிறது, பவளம் வெளிச்சத்துக்காக மேலே மேலே கட்டிக்கொண்டு போகிறது, கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது. யாராவது பெரும் பணக்காரர் பசிபிக்கில் ஆழமாக ஒரு துளை போட்டுப் பார்த்தால் தேவலை என்று கடைசிக் காலத்தில் கடிதம்கூட எழுதினார். அவர் போன பிறகு, 1896-இல் லண்டன் ராயல் சொசைட்டி ஆட்களை அனுப்பியது இந்த ஃபோங்காஃபாலேவுக்குத்தான். முதல் வருஷம் 105 அடியோடு நின்றுபோனது. அடுத்த வருஷம் எட்ஜ்வர்த் டேவிட் என்ற நிலவியலாளர் தலைமையில் வந்தவர்கள் 698 அடி போனார்கள். 1898-இல் 1,114 அடி. அவ்வளவு ஆழத்திலும் வந்ததெல்லாம் பவளச் சுண்ணாம்பு. எரிமலை தட்டுப்படவே இல்லை. டார்வினை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் 1,250 மீட்டருக்கும் கீழே போய்த்தான் எரிமலைப் பாறையைத் தொட்டார்கள். டார்வின் சொன்னது சரி.

அந்தத் துளையை இன்றும் பார்க்கலாம். வழி கேட்டபோது ஒரு பையன், "அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே கூட்டிப்போனான். தரையில் ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதான். ஒரு கல்லை எடுத்துப் போடப் போனவன், அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டேன்.

ஊர்க்காரர்களுக்குப் பெரிய விஷயம் வேறொரு குழி. புலாக்கா குழி. புலாக்கா என்பது சேம்பு வகை, ஆள் உயர இலை. தரையைத் தோண்டி நல்ல தண்ணீரைத் தொட்ட இடத்தில் தழையையும் சருகையும் கொட்டி மண்ணைத் தயார் செய்து நடுகிறார்கள். உப்புக் கடல் நடுவே நல்ல தண்ணீர் எப்படி? பெய்யும் மழை பவளத்தின் துளைகள் வழியே இறங்கி, உப்புநீரைவிடக் கனம் குறைவு என்பதால் அதன் மேலேயே மிதக்கிறது, ரசத்தின் மேல் நெய் நிற்பதுபோல. கடல் கலக்கினால் கலந்துவிடும். ஃபோங்காஃபாலேவில் பல குழிகளில் உப்பேறிவிட்டது, சிலவற்றில் குப்பை. நான் பார்த்த குழியில் பாதி இலைகள் ஓரம் கருகி மஞ்சளாக நின்றன. குழிக்காரர் கிழங்கு ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார், அடிப்பக்கம் அழுகியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப அங்கேயே நட்டுவிட்டார்.

அதனால் குடிதண்ணீர் கூரையிலிருந்துதான். வீட்டுக்கு வீடு கறுப்பு அல்லது பச்சைத் தொட்டி. 2011-இல் மழை பொய்த்து அவசரநிலை அறிவித்தார்கள், நியூசிலாந்திலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் விமானத்தில் வந்து இறங்கியது. விடுதிக்காரம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வாளிதான் என்று விரலைக் காட்டிவிட்டுப் போவார். தண்ணீர் லாரியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்.

காலையிலும் மாலையிலும் தென்னையில் ஆள் இருக்கும். பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நுனியை மெல்லிசாகச் சீவி, பாட்டிலைத் தொங்கவிட்டு வருகிறார்கள். பெயர் கலேவே. இறக்கின உடனே குடித்தால் பதநீரின் தம்பி என்று சொல்லலாம், சுண்ணாம்பு வாசனை மட்டும் இல்லை. காய்ச்சிப் பாகாக்கிச் சோற்றில்கூட ஊற்றிக்கொள்கிறார்கள். சோறு, டின் இறைச்சி, சூரை மீன், இதுதான் அன்றாடம். காய்கறிக்கு ஓடுதளத்துப் பக்கம் தைவான்காரர்கள் நடத்தும் தோட்டம். அங்கே கீரைக்கும் வெள்ளரிக்காய்க்கும் விடியற்காலையிலேயே கூட்டம்.

ஒரு நாள் காயலைத் தாண்டி மேற்கே போனோம். 1996 முதல் அந்தப் பக்கத்து ஆறு திட்டுகளும் சுற்றுக் கடலும் பாதுகாக்கப்பட்ட பகுதி, மீன் பிடிக்கக் கூடாது. தலைக்கு மேல் வெள்ளை ஆலாக்கள், கீழே கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் முறுக்குக் கடிப்பதுபோலக் கேட்டது. அவை கொறித்துக் கழிப்பதும் மணல்தான். தெப்புக்கா சாவிலிவிலி என்ற திட்டைப் படகுக்காரர் கைகாட்டினார். வெறும் கல்மேடு. 1997-இல் வந்த புயல்களில் தென்னைமரம் மணலோடு போய்விட்டது. ஆனால் இதே ஃபோங்காஃபாலேவிலும் அதை அடுத்த திட்டுகளிலும், 1972 அக்டோபரில் வந்த பீபி புயல் பவளக் கற்களை அள்ளிக்கொண்டு வந்து, கடற்பக்கம் சுமார் 18 கிலோமீட்டருக்கு ஒரு கரையையே கொட்டிவிட்டுப் போனது, சில இடங்களில் நாலு மீட்டர் உயரம். நான் போவதற்கு முந்தைய வருஷம் வந்த ஓர் ஆய்வு, 1971-க்கும் 2014-க்கும் இடையில் துவாலுவின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்றது. இதைச் சொன்னதும் படகுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கூடின இடத்துல புலாக்கா வருமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணி. கடற்கரையில் போய் நின்றால் அலை வரும் என்று கேமராவோடு கிளம்பினேன். விடுதிக்காரம்மா கூப்பிட்டார்: "அங்க ஏன் போறே? இங்க பாரு."

வாசலில் நண்டு வளை ஒன்று. அதற்குள்ளிருந்து குமிழ், பிறகு தண்ணீர். பக்கத்தில் இன்னொன்று. சுவரோரத்தில் ஊற்றுப்போல மணலைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்: உப்பு. கடற்கரையில் அலை எல்லையைத் தாண்டவே இல்லை, தீவின் நடுவே ஓடுதளத்தோரம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். 1896-இல் துளை போட வந்தவர்கள் வரைந்த வரைபடத்தில் தீவின் நடுப்பகுதி சதுப்பாகவே இருக்கிறதாம். அதை மூடித்தான் ஓடுதளம், அதற்கப்புறம் வீடுகள். சதுப்பு தன் இடத்துக்கு வந்திருக்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக. தடுப்புச் சுவர் கட்டினால் எந்தப் பக்கம் கட்டுவது?

அம்மா பன்றிக் கொட்டிலின் கதவைத் திறந்துவிட்டு, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றினார். பதற்றமே இல்லை. தெருவில் பசங்கள் தண்ணீரில் பலகையைப் போட்டுச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். இது எப்போது வடியும் என்று கேட்டேன்.

"வந்த வழியாப் போகும். சாப்பிட வா."

அதற்கப்புறம் அங்கே நிறைய நடந்துவிட்டது. 2023-இல் காயல் பக்கம் மணலைத் தூர்வாரிக் கொட்டி ஏழு ஹெக்டேருக்கு மேல் உயரமான புதுநிலம் உருவாக்கினார்கள். அதே வருஷம் ஆஸ்திரேலியாவுடன் ஓர் ஒப்பந்தம், வருஷத்துக்கு 280 பேர் போய்க் குடியேறலாம். விடுதிக்காரம்மா பெயர் கொடுத்திருப்பாரா என்று அவ்வப்போது நினைப்பேன்.

அன்று எட்டு மணிக்கெல்லாம் தண்ணீர் இறங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈர மணலில் அந்த மூன்று ஓட்டைகள், ஒன்றின் வாயில் நண்டு வந்து மணலை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.