காது கேட்குது, பேச்சுதான் விளங்கலை

ஈரோட்டுப் பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதிப்பது என் வேலை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்காரர்கள் நிறைய வருவார்கள். "காது நல்லாத்தாங்க கேக்குது. பேசறதுதான் விளங்க மாட்டேங்குது" என்பார்கள். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. என்னைக் கேட்டால், இதைவிடத் துல்லியமாக எந்த நோயாளியும் தன் நோயைச் சொல்லிவிட முடியாது.

உட்காதில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது. நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். உள்ளே நீளவாக்கில் ஒரு சவ்வு. ஒலி வந்தால் அதில் அலை ஓடும். கீச்சொலியின் அலை வாசலருகிலேயே எழும்பி அடங்கிவிடும். கட்டைக்குரலின் அலை கடைசிச் சுற்றுவரை போகும். ஹங்கேரியில் டெலிபோன் ஆய்வகத்தில் வேலை பார்த்த பெக்கெஷி, இறந்தவர்களின் காதுகளை நுண்ணோக்கியில் வைத்து இந்த அலையைக் கண்டார். 1961இல் மருத்துவ நோபல் ஒரு டெலிபோன்காரருக்குப் போனது இப்படித்தான்.

தறிச் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். வருடக்கணக்கில் அதில் நிற்பவருக்கு முதலில் அடி விழுவது வாசல் பக்கத்துக்குத்தான். 4000 ஹெர்ட்ஸ் அருகே செவித்திறன் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும், 8000இல் கோடு மறுபடி கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்ததும் "தறியா, மாவு மில்லா?" என்று மட்டும்தான் கேட்பேன்.

பேச்சில் சத்தத்தைச் சுமப்பவை உயிரெழுத்துகள், பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள். அவை தப்பித்துவிடுகின்றன. சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டும் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் போய்விடுகின்றன. நான் 'பட்டு' என்றால் பரிசோதனை அறைக்குள் இருப்பவர் 'பத்து' என்பார். 'காசு' என்றால் 'காது'. யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் நழுவுகிறது.

கூட வரும் மனைவிமார் வழக்கு வேறு. "மெதுவாச் சொன்னா என்னங்கறாரு, சத்தமாச் சொன்னா எதுக்குக் கத்தறேங்கறாரு. நான் என்னதாங்க பண்ணட்டும்?" அந்த அம்மா சொன்னது இரண்டுமே உண்மை. உட்காதில் இரண்டு வகை மயிர்ச்செல்கள் உண்டு. உள்வரிசையில் சுமார் 3,500. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் இவைதான். வெளிவரிசைகளில் சுமார் 12,000. இவற்றுக்குக் கேட்கிற வேலை கிடையாது. ஒலி வந்ததும் நீண்டு சுருங்கி, சன்னமான ஒலியைப் பெரிதாக்கி உள்வரிசைக்குக் கொடுக்கும். பெரிய சத்தத்துக்கு இந்த உதவி தேவையில்லை. இரைச்சலில் முதலில் சாவது வெளிவரிசை. ஆகவே சன்னப் பேச்சு எட்டாது, உரத்த பேச்சோ பழைய பலத்தோடே வந்து விழும். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் குறுகிவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் இதற்கு 'வீம்பு' என்று பெயர். பெண்களின் குரல் சற்றுக் கீச்சென்பதால், 'நான் சொன்னா மட்டும் காதுல விழாது' என்ற குற்றச்சாட்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

வெளிவரிசை உயிரோடு இருந்தால், ஒலி கொடுத்ததும் காதே மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைப் பதிவு செய்தார். இதே அறையில் தூங்கும் பச்சைக்குழந்தைகளின் காதை நாங்கள் பார்ப்பது அதை வைத்துத்தான்.

செத்த செல்கள் நமக்கு மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும். இதைச் சொன்னால் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். "கோழிக்கா?" என்று மனைவி முகத்தைப் பார்ப்பார்கள்.

காது மிஷின் வைத்தால் எல்லாவற்றையும் ஒரே அளவு ஏற்ற முடியாது. சன்னமானதை அதிகமும் உரத்ததைக் கொஞ்சமும் ஏற்ற வேண்டும், அதுவும் எந்த ஒலி போனதோ அந்த இடத்தில். மற்றபடி, முகம் பார்த்து, நிதானமாகப் பேசச் சொல்வேன். தறிக்காரர்கள் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள்.

இளவட்டங்களிடம்தான் எனக்குப் பேச்சு நீளும். "பஞ்சு வெச்சிருக்கேங்க்கா" என்பார்கள். சாதாரணப் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. நுரை அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, இன்னொரு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது உள்ளே விரியும்வரை பிடித்துக்கொள்ளக் காட்டித் தருவேன். "தறி மக்கர் பண்ணினா சத்தத்துலதான் தெரியும், அடைச்சுட்டா எப்படிங்க்கா?" என்று கேட்டான் ஒரு பையன். கேட்க வேண்டிய கேள்விதான். தறி போடும் சத்தத்துக்கு, அடைத்த பிறகும் கேட்க வேண்டியது மீதி இருக்கும் என்றேன். முழுதாக நம்பவில்லை, ஆனாலும் இரண்டு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டான்.