பற்றரி ஜக்கெற் வாங்கப் போறீங்களா?

ரொறன்ரோ குளிருக்க வெளியில நிண்டு வேலை செய்யிற தம்பிமார், தங்கச்சிமார், பற்றரியில சூடாகிற ஜக்கெற் வாங்கிறதெண்டா முதல் பற்றரியைப் பாருங்கோ. நெஞ்சிலயும் முதுகிலயும் தைச்சிருக்கிற காபன் இழைக்குள்ள மின்சாரம் போய்த்தான் சூடு வருது. 5 வோல்ற் பவர் பாங்கில ஓடுறது இளஞ்சூடுதான். மைனஸ் 20க்கு 7.4 இல்லாட்டி 12 வோல்ற்தான் என்ர தெரிவு. நாள் முழுக்க உச்சச் சூட்டில விடாதேங்கோ, மத்தியானத்துக்கு முன்னமே பற்றரி இறங்கியிடும். உடம்பு சூடானதும் குறைச்சு விடுங்கோ. உள்ளுக்கு மெல்லிசா ஒரு சட்டை போதும். தடிச்ச சுவெற்றர் போட்டா சூடு உடம்புக்கு வந்து சேராது.

முக்கியமா, வேலையால வந்த கையோட சார்ஜில போடாதேங்கோ! உறைஞ்ச லிதியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணினா உள்ளுக்குப் பழுதாகும். வீட்டுச் சூட்டுக்கு வரட்டும், பிறகு போடுங்கோ.