வெயில் ஊரில் சூடேறாத எஞ்சின்

நுவரெலியாவுக்குப் போயிருக்காவிட்டால் இந்தக் குறை எனக்குத் தெரிந்தே இருக்காது. போன டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போனோம். இரவு கிரகரி வாவிப் பக்கம் மகள் நடுங்கத் தொடங்க, ஹீட்டரைப் போட்டேன். திருகோணமலையில் ஹீட்டர் போடுகிறவர் யார்? கார் வாங்கிய நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வந்த காற்றில் சூடே இல்லை. ஹீட்டருக்குச் சூடு வருவது எஞ்சின் தண்ணீரிலிருந்து. டாஷ்போர்டைப் பார்த்தால், கண்டியிலிருந்து மலை ஏறி வந்த காரின் வெப்ப முள் கால்வாசியில் நிற்கிறது.

கார் டொயோட்டா கொரோல்லா 121, பெற்றோல். ஊர் திரும்பியதும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓடினேன். உவர்மலையிலிருந்து கிண்ணியாவுக்கு வேலைக்குப் போகிறவன் நான். பாலம் ஏறும் வரைக்கும் முள் பாதிக்கு வரவில்லை. நெரிசலில் நின்றால் கொஞ்சம் ஏறும், சீனக்குடாப் பக்கம் நேர்ரோட்டில் வேகம் எடுத்தால் திரும்ப இறங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் ஓடும் வேகம் (ஐட்லிங்) இறங்கவும் நெடுநேரம் எடுத்தது. லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர்தான் ஓடியது. பழைய கார்தானே என்று விட்டிருந்தேன். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று சென்சர் சொல்லும் வரைக்கும் கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூடுதலாகத்தான் விடும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒயில் மூடியைத் திறந்தபோது உள்பக்கம் பால்நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று வயிறு கலங்கிவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்தது, ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை. சரியாகச் சூடேறாத எஞ்சினில் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடியில் இப்படிப் படியும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் போன கராஜில் வெப்ப சென்சரை மாற்றினார்கள். காசு போனது, முள் அசையவில்லை. ஹீட்டரிலும் சூடில்லை என்று நான் சொல்லியும் அவர்கள் காதில் எடுக்கவில்லை. சென்சர் பொய் சொன்னால் முள் பிழையாகக் காட்டும், ஆனால் ஹீட்டர் காற்று சூடாகத்தான் வரும். இங்கே தண்ணீரே சூடேறவில்லை. இது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

பிறகு கண்டி வீதிப் பக்கம் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் சாமான் ஒன்றையும் கழற்றவில்லை. “சேர், ஏசிய நிப்பாட்டுங்க” என்றார். ஏசி போட்டால் ரேடியேட்டர் பேன் எப்படியும் சுற்றும், ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஏசியை நிறுத்தி, இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். பேன் அந்த நொடியே சுற்றத் தொடங்கியது. பேனைத் தேவையான நேரம் மட்டும் போடும் ரிலேயைத் தாண்டி இக்னிஷனிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தார்கள். அதை மாற்றிய பிறகு முள் கொஞ்சம் முன்னேறியது, ஆனால் ரோட்டில் பழையபடி இறங்கியது.

அடுத்த நாள் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். எஞ்சின் சூடேறும் வரைக்கும் ரேடியேட்டர் தண்ணீரை மறித்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறக்கும் வரைக்கும் கீழ் ஹோஸ் குளிராகவே இருக்க வேண்டுமாம். எங்கள் காரில் மேலும் கீழும் ஒன்றாகவே மெல்ல மெல்லச் சூடேறின. கீழ் ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில் நட்டைக் கழற்றினார். சாயத்தண்ணி நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. உள்ளே தெர்மோஸ்டாட் பழுதாகி இருக்கும் என்று நினைத்தேன். தெர்மோஸ்டாட்டே இல்லை. வெறும் ஓட்டை.

“எப்பவோ ஒருக்கா ஹீட் ஏறியிருக்கும் சேர். ரேடியேட்டரக் கழுவாம, இதக் கழட்டி வீசிட்டு, பேனுக்கு நேரா வயரப் போட்டு அனுப்பியிருக்காங்க. நானும் அந்தக் காலத்துல எத்தன காருக்குக் கழட்டியிருக்கன். சூட்டு ஊருக்கு இது எதுக்குன்னுதான் சொல்லுவம்.”

சூட்டு ஊரானாலும் வெளிக்காற்று முப்பது பாகைதான், எஞ்சினுக்கு வேண்டியது எண்பதுக்கு மேல். இன்னொன்றும் சொன்னார்: பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்தட்டு, சூடேறியதும் ரேடியேட்டருக்குப் போகாத பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். சூடு கூடக்கூடாது என்று கழற்றியதே பாரம் ஏற்றி ஏறும்போது சூட்டைக் கூட்டலாம்.

புதுத் தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருந்தது. பூட்ட முதல் வீட்டில் சோதித்தேன். வால்வைச் சற்றுத் திறந்து தையல் நூலை அதற்குள் கவ்வக் கொடுத்து, சட்டியின் அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். பக்கத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து கேட்டு வாங்கிய வெப்பமானி. “சோத்துச் சட்டிய எடுக்காத தம்பி” என்றா அம்மா, பழைய சட்டி ஒன்று தந்தா. எண்பதில் ஒன்றும் நடக்கவில்லை. 83ஐத் தொடும்போது நூல் நழுவி, தெர்மோஸ்டாட் ‘டங்’ என்று அடியில் விழுந்தது. பித்தளைக் குப்பிக்குள் இருக்கும் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். மகளுக்காக ஆறவிட்டு இன்னும் இரண்டு தரம் செய்து காட்டினேன்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவாமல் பூட்ட வேண்டாம் என்று நானா பிடிவாதமாக நின்றார். சரிதானே, பழைய அடைப்பு அப்படியே இருந்தால் திரும்ப ஹீட் ஏறும், திரும்ப யாராவது கழற்றுவார்கள். கழுவி, ரப்பர் வளையம் புதிதாகப் போட்டு, தெர்மோஸ்டாட் விளிம்பில் ஆடும் குட்டி ஊசி மேலே இருக்கும்படி பூட்டினோம். காற்று அந்த வழியால்தான் வெளியேறும். கிணற்றுத் தண்ணீர் விடாமல் கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்தபடியே ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரைக்கும் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டோம். கீழ் ஹோஸ் நெடுநேரம் குளிராகக் கிடந்து, பிறகு சட்டென்று சுட்டது.

திங்கட்கிழமை காலை, உவர்மலை இறங்கிக் கொஞ்சத் தூரத்திலேயே முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. சீனக்குடா நேர்ரோட்டில் அசையவில்லை. கிண்ணியாப் பாலத்திலும் அதே இடம்தான். இப்போது லீற்றருக்குப் பன்னிரண்டு ஓடுகிறது. அந்தப் பழைய சென்சர் நல்ல நிலையில்தான் இருக்கிறது, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.