கண்டிச் சீமைக்கு ஒரு தேனிலவு

8 டிசம்பர் 2024, ஞாயிறு

சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையின் கரையை மீறி எங்கள் தெருவுக்குள் புகுந்து ஐந்து நாளாகிறது. வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது. சேறும் அதன் வாடையும் இன்னும் போகவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த சான்றிதழ்க் கோப்பு முழுவதும் ஊறிப் போயிருந்ததால், காலையிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மேலே பழைய வேட்டித் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழில் இருந்த ஊதா முத்திரை கரைந்து, மழையில் நனைந்த கோலம் போலப் பரவிவிட்டது.

அந்த வேலைக்கு நடுவில்தான் அவர் தொலைபேசியில் அழைத்து, தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டார். திருமணம் பிப்ரவரி 2 அன்று திருவந்திபுரத்தில். வீட்டில் அடுப்பே இன்னும் சரியாக எரியவில்லை, தேனிலவுக்கு என்ன அவசரம் என்று தோன்றினாலும், சேற்றைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசக் கிடைத்ததே என்று மனம் கொஞ்சம் இளகியது.

அவர் நில அளவர். எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பார். உதகை, கொடைக்கானல், மூணாறு, இலங்கை என்று நான்கு கட்டங்கள் வைத்திருந்தார். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: வளைந்து வளைந்து ஏறும் சாலையில் என்னால் பயணம் செய்ய முடியாது. எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதோ எட்டாவதோ வந்தபோதே என் மானம் போய்விட்டது. தரைமட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். கடலூரில் எங்களுக்குத் தெரிந்த மலை என்பது கேப்பர் மலைச் செம்மண் மேடுதான்.

11 டிசம்பர் 2024, புதன்

இன்று என் பக்கத்து யோசனையைச் சொன்னேன். தினமும் வண்டி வைத்து ஊரைச் சுற்றாமல், தங்கும் இடத்திலிருந்து நடந்தே நீருக்கும் காட்டுக்கும் போய்வரக்கூடிய நகரம் ஒன்று போதும். அவர் ஒரு மணி நேரம் வரைபடத்தோடு மல்லுக்கட்டிவிட்டுக் கண்டி என்றார்.

கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரும் உறைய வைக்காது, காதும் அடைக்காது. நகரின் நடுவே ஏரி. புத்தரின் புனிதப் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகைக்குப் பின்னாலேயே 104 ஹெக்டேர் பரப்பில் உடவத்தக்கெலே காடு. மகாவலி ஆறு நகரைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆறு கிலோமீட்டர் தள்ளிப் பேராதனைத் தாவரவியல் பூங்கா. மழை குறைவான மாதங்களில் பிப்ரவரியும் ஒன்று. நான் கேட்டதெல்லாம் ஒரே ஊரில் இருந்தது.

ஆயாவிடம் சொன்னபோது வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "கண்டிச் சீமைக்கா? பஞ்சம் பொழைக்கப் போற ஊருக்கு எவளாவது கல்யாண ஜோடியா போவாளா?" ஆயாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பேச்சை நம்பித் தோட்ட வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லையாம். அவர் பெயர்கூட ஆயாவுக்கு உறுதியாக நினைவில்லை. "சின்னவரு" என்றுதான் வீட்டில் சொல்வார்களாம்.

19 டிசம்பர் 2024, வியாழன்

பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுக்கப் போனேன். கட்டணம் 1,500 ரூபாய். நான் அரைநாள் தேய்த்துக் காயவைத்த பிறப்புச் சான்றிதழை அந்த அலுவலர் விரல் நுனியால் தள்ளிவிட்டு, பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே போதும் என்றார். அதற்கு லேமினேஷன் போட்டிருந்ததால் வெள்ளத்தில் ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

29 டிசம்பர் 2024, ஞாயிறு

எங்கள் முதல் சண்டை இன்று நடந்தது. அவருடைய புதிய அட்டவணையில் ஆறு நாளில் ஏழு ஊர்கள் இருந்தன: கொழும்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, மிரிஸ்ஸ, காலி. யாரோ ஒரு பயண முகவர் கொடுத்த திட்டத்தைத் தன் கட்டங்களுக்குள் அடைத்திருந்தார். கணக்குப் பார்த்தால் கண்டிக்கு வந்தது ஓர் இரவும் மறுநாள் காலை பத்து மணி வரையும். "நாம் தேனிலவுக்குப் போகிறோமா, தேர்தல் பிரச்சாரத்துக்கா?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் பதிலே இல்லை.

அவருக்கு எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்போது நின்று படம் எடுக்க வேண்டும். எனக்கோ நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குக் கப்பலில் போக வேண்டும். சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் ஏ-9 சாலை நேராகக் கண்டியில்தான் போய் முடிகிறது. பிறந்ததிலிருந்து கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்திருக்கிறேன்; ஒரு முறையாவது அதைக் கடந்து அந்தப் பக்கத்தில் இறங்க வேண்டும் என்ற ஆசை அவருடைய பாலத்தைவிட எந்த வகையில் குறைந்தது என்று எனக்குப் புரியவில்லை.

10 ஜனவரி 2025, வெள்ளி

பாஸ்போர்ட் வந்துவிட்டது. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றி டிக்கெட் எடுக்கலாமே என்று அத்தை கேட்டார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும் என்று அவரே தன் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.

18 ஜனவரி 2025, சனி

தை ஐந்து, ஆற்றுத் திருவிழா. டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் வந்த அதே பெண்ணையாற்றின் மணலில் இன்று ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நின்றன. கூட்டத்தில் அவரும் வந்திருந்தார். சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு, ஓரமாக மணலில் உட்கார்ந்து பேசினோம்.

கண்டியிலிருந்து எல்லவுக்குப் போகும் ரயிலில் முன்பதிவு முப்பது நாளுக்கு முன்புதான் திறக்கும். அவர் திறந்த அன்றே காத்திருந்தும் நாங்கள் நினைத்த தேதியில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினால் ஆறேழு மணி நேரம் நின்றுகொண்டே போக நேரலாம். கப்பலும் வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கிறது. எங்கள் தேதிக்குள் ஓடும் என்று நம்பி விடுப்பு எடுக்க முடியாது. வாயிலிருந்த கிழங்கை மென்று முடித்துவிட்டு, "சரி, பாலத்தை நான் விட்டுடறேன்" என்றார். நானும் கப்பலை விட்டேன். விட்டுக்கொடுத்ததில் யாருக்கு நட்டம் அதிகம் என்று கொஞ்ச நேரம் வழக்காடிவிட்டு, கடைசியில் கண்டியில் ஐந்து இரவு என்று முடிவு செய்தோம்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் முன்பதிவு செய்தாயிற்று. வானில் இருப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கடலூரிலிருந்து மீனம்பாக்கம் போவதற்குத்தான் அதைப்போல் மூன்று மடங்கு ஆகும். கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்கு ரயில். சாலை வளைவுகள் எனக்கு ஆகாது, ரயில் ஆகும். 1867இல் கண்டியை எட்டிய பாதை அது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பள்ளத்தாக்கு தெரிய வேண்டுமென்றால் போகும்போது வலப்பக்கம் உட்கார வேண்டுமாம். இதையும் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதே 1867இல்தான் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் முதல் தேயிலைத் தோட்டத்தை 19 ஏக்கரில் வைத்தார். அதற்கு முன்பு அந்த மலையெல்லாம் காப்பி. இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்தபின் தேயிலை பரவியது. ஆயாவின் "சின்னவரு" எதைப் பறிக்கப் போனாரோ, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஏரியைப் பற்றிப் படித்ததை அவரிடம் சொன்னேன். 1807இல் அதை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்தான் கண்டியின் கடைசி அரசன். அவன் இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்துபோனான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அவன் சமாதி இருக்கிறது. அவர் சிறுவயதில் வேலூர்ச் சித்தப்பா வீட்டுக்குப் போனபோதெல்லாம் அந்தப் பக்கமாகச் சைக்கிள் ஓட்டியிருக்கிறாராம். உள்ளே இருப்பது யார் என்று இத்தனை வருடம் கேட்டதே இல்லையாம்.

நான் தமிழாசிரியை என்பதால் என் கட்டம் ஒன்றும் அட்டவணையில் ஏறியிருக்கிறது: தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பத்தினி தேவாலயம். அங்கே தேவாலயம் என்றால் மாதா கோயில் அன்று, தெய்வங்களின் கோயில். பத்தினி நம் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்வதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அவளுக்கு அங்கே இன்றும் விளக்கு எரிகிறது என்பதை நேரில் பார்க்காமல் நடத்திக்கொண்டிருப்பது எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது.

6 பிப்ரவரி 2025, வியாழன்

திருமணம் நல்லபடியாக முடிந்தது. திருவந்திபுரத்தில் அன்று எத்தனை மாலைகள், எத்தனை ஜோடிகள் என்று எண்ண முடியாத நெரிசல். தாலி ஏறிய கையோடு ஔஷதகிரியின் 74 படிகளையும் ஏறி ஹயக்ரீவரைக் கும்பிட்டோம். பட்டுப்புடவையோடு மூச்சு வாங்கி உட்கார்ந்த என்னைப் பார்த்து, கண்டியிலும் மேடுகள் உண்டு என்று அவர் நினைவூட்டியது தேவையில்லாதது.

இன்று துணிகளைப் பிரித்தேன். தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்; சிலைக்கு முதுகு காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடவத்தக்கெலேயில் மழை பெய்தால் அட்டை ஏறும், அதற்கு உப்புப் பொட்டலம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும் என்றதும் அத்தை மகிழ்ந்து போனார். விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும் என்பதை அவர் மகன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

தைப்பூசம். ஜோதி தரிசனம் பார்க்காமல் கடல் தாண்டக் கூடாது என்ற ஆயாவின் உத்தரவுப்படி இரவு இரண்டு மணிக்கே வடலூர் போய்விட்டோம். காலை ஆறு மணிக்கு ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலகியபோது, ஆயாவின் விரல்கள் என் மணிக்கட்டை வளையலோடு சேர்த்துப் பிடித்திருந்தன. வடலூரில் இன்று மதுக்கடையும் இறைச்சிக் கடையும் இல்லை. நாளை பௌர்ணமி என்பதால் இலங்கை முழுவதும் அதேபோல் மூடியிருக்குமாம். போயா என்று சொல்கிறார்கள். நாங்கள் இறங்குவது நாளை மறுநாள்.

வீடு திரும்பி, அம்மா கொடுத்த உப்பு நாரத்தங்காயைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஆயா ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் கொஞ்சம் திருநீறும். "அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் ஏதாச்சும் இருந்தா உண்டியல்ல போடு. அவருக்கு யாரும் ஒண்ணும் செய்யல."

கண்டியிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் மலைநாட்டுக்குள் நுழைந்தது மாத்தளை வழியாகத்தான். ஊர் மாறக் கூடாது என்று அடம்பிடித்தவள் நான் என்பதால் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் எதுவும் கேட்காமல் மடிக்கணினியைத் திறந்து, நான்காம் நாள் கட்டத்தில் இருந்த "ஓய்வு" என்ற சொல்லை அழித்துவிட்டு மாத்தளை என்று தட்டினார். போக வர எத்தனை வளைவுகள் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். முடிச்சைக் கைப்பையில் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன்.