மூக்கு போகும் வழி

ஜனவரி 4, 2026

மண்டபத்தில் குடியிருப்பதில் ஒரு வசதி. வடக்கே நடந்தால் ஒரு கடல், தெற்கே நடந்தால் இன்னொரு கடல். இன்றைக்கு எந்தக் கடல் என்பதை முடிவு செய்வது நான் இல்லை, செவத்தி. ஒன்பது வயது நாட்டு நாய். கேட்டைத் திறந்ததும் மூக்கைத் தூக்கி ஒரு நிமிஷம் நிற்பாள். இப்போது வாடைக் காற்று. வடகடல் கலங்கிக் கிடக்கிறது. அதனால் தெற்கே திரும்பினாள். ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது வடக்கே இழுப்பாள். வள்ளத்துக்காரர்கள் போடும் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

துரைக்கு எந்தப் பக்கமும் சரி. ராமநாதபுரம் மண்டை நாய் வகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். தலையைப் பார்த்தால் நம்பலாம், புத்தியைப் பார்த்தால் முடியாது.

படம் எதுவும் வரையவில்லை. சிறுவர் புத்தகத்துக்கு அனுப்பிய பத்துப் படத்தில் ஏழு திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. ‘காலண்டர் கடல் மாதிரி இருக்கு’ என்று ஒரு குறிப்பு வேறு. கோபம் வந்தது. அப்புறம் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தேன். சரிதான்.

ஜனவரி 9

தென்கடல். எதிரே தீவுகள் கோடு கிழித்த மாதிரி. 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கியபோது மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. இரண்டு பிறகு மூழ்கிப்போயின. நினைத்தபடி போய் இறங்க முடியாது, கரையில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மணல்மேட்டில் ராவணன் மீசை காய்த்திருக்கிறது. குத்துகிற புல். அதன் காய்க்கொத்து தலை அளவுக்கு முள்பந்தாகக் காய்ந்து, அறுந்து, காற்றில் உருண்டு ஓடும். ஒன்று ஓடியது, துரை பின்னாலேயே ஓடினான், கயிற்றோடு நானும். பந்து எங்கேயும் நிற்கவில்லை. முள்நுனிகளில் எழும்பி எழும்பிப் போனது. அது போன இடமெல்லாம் மணலில் பொடிப் புள்ளிகள், தையல் மெஷின் ஓடின மாதிரி.

வலது கையில் கயிறு. நோட்டை முழங்காலில் வைத்து இடது கையால் அந்தப் புள்ளிகளைப் போட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டது போல இருக்கிறது. ஆனால் ஓடுகிறது. என் வலது கை போட்ட ஏழு படத்தில் ஒன்றுகூட ஓடவில்லை.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏன் தாயி, நீ நாயக் கூட்டிட்டுப் போறியா, அது ஒன்னயக் கூட்டிட்டுப் போகுதா?”

“அதுதான் எனக்கும் தெரியல ஐயா.”

துரையின் பாதத்தில் இரண்டு முள். எடுக்க அரைமணி நேரம்.

ஜனவரி 18

தை அமாவாசை. விடிவதற்கு முன்பிருந்தே ராமேசுவரம் போகும் வண்டிகள். ரோட்டைத் தாண்ட முடியவில்லை. வீட்டைச் சுற்றியே நடந்தோம்.

ஜனவரி 25

தனுஷ்கோடிக்குத் தனியாகப் போனேன். போன ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்த இடம், ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல். நாய்களை அங்கே கூட்டிப் போவதில்லை என்பது நானே போட்டுக்கொண்ட விதி. எத்தனையோ தூரம் பறந்து வந்து சேற்றில் இரை தேடும் பறவையைத் துரை ஒருமுறை துரத்தினால் போதும், கூட்டமே எழும்பிவிடும்.

பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை அரித்துக்கொண்டிருந்தன. அழகுதான். நாற்பது போட்டோ எடுத்தேன். நோட்டில் ஒரு கோடு விழவில்லை. அவ்வளவு அழகாக இருந்தால் என் கை காலண்டருக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் யாராவது நின்று ஒரு செத்த மீனை மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 3

காற்று தணிந்துவிட்டது. செவத்தி இந்த வருஷத்தில் முதல் தடவையாக வடக்கே திரும்பினாள்.

நீர் வற்றிய ஈரமணலில் அவள் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். கொத்தமல்லி விதை அளவு ஒரு பொந்து, அதைச் சுற்றிக் கடுகு கடுகாய் மணல் உருண்டைகள். உள்ளேயிருந்து நண்டு வந்தது. என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. மணலை வாயில் அள்ளி, ஒட்டியிருக்கும் சத்தைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளிக்கொண்டே ஓரடி முன்னே போனது. பொந்துக்குத் திரும்பி ஓட மட்டும் ஒரு சந்து விட்டுவைத்திருந்தது. செவத்தி மூச்சு விட்டாள். அந்தச் சந்து வழியாக மறைந்தது.

‘கோலம் மாதிரி’ என்று நோட்டில் எழுதி அடித்தேன். புள்ளியைக் கண்டால் கோலம் என்பது நம் வியாதி. இது எச்சில் இலை. அந்தச் சந்தைத்தான் வரைந்தேன், இடது கையால்.

பிப்ரவரி 14

விடியற்காலை, தென்கடல். துரை திடீரென்று தரையோடு தரையாக மூக்கை வைத்து இழுத்தான். அடும்புக்கொடி ஓரம் வரை மணலில் ஒரு பெரிய தடம், டிராக்டர் ஏறிப் போன மாதிரி. பங்குனி ஆமை. துடுப்பை இடதும் வலதும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தது. பேராமை என்றால் இரண்டையும் ஒன்றாகப் போடும், தடம் ஜோடி ஜோடியாக விழும்.

கொடிக்குப் பக்கத்தில் மணல் கலைந்திருந்தது. துரை முன்னங்காலை வைத்துவிட்டான். வாழ்க்கையில் அவனை அப்படி இழுத்ததில்லை. கை தோல் உரிந்துவிட்டது. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், கடற்கரையில் அதைத் தோண்டித் தின்பதில் நாய்கள்தான் முன்னால். என் நாயும் நாய்தான். இத்தனை நாளும் அவன் மூக்கைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அதே மூக்கு.

பெரியவர் போன் போட்டார். வனத்துறை ஆள் வரும்வரை தள்ளி நின்றோம். முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்களாம், குஞ்சு வர ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும். நிற்கும்போது தடத்தை வரைந்தேன். துரை திமிறிய இடத்திலெல்லாம் கோடு துள்ளியிருக்கிறது. அழிக்கவில்லை.

பிப்ரவரி 20

ஆமைத் தடத்தைப் பெரிய தாளில் மாற்ற உட்கார்ந்தேன். வலது கையால் போட்டால் பேன்ட் ஜிப் மாதிரி வருகிறது. இடது கையாலும் போட்டுப் பார்த்தேன், அதுவும் ஆறு வாரத்தில் நன்றாகப் பழகிவிட்டது, ஒழுங்காகப் போட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் துரையைக் கூப்பிட்டு, கயிற்றை வலது கையில் சுற்றிக்கொண்டு, பேனாவை எடுத்தேன்.

அவன் தூங்கிவிட்டான்.